மூன்றாவது கேள்வியும் ஓர் இனிப்பு நாளும்

புதிதாகப் பதில் எழுத வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நம் குழுவில் யார் கேள்வி போட்டாலும், பதில் சொல்வதற்கு முன்னால் நாம் மூன்று கேள்விகள் கேட்கிறோம். உங்கள் எடை எவ்வளவு? நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள்? வீட்டில் யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? முதல் இரண்டும் உங்களுக்குப் புரிகிறதாம். மூன்றாவது எதற்கு, அடுத்தவர் வீட்டு விஷயம் நமக்கு ஏன் என்று உங்களில் ஒருவர் கேட்டதாக டாக்டரம்மா சொன்னார்கள். “அந்தக் கேள்வி உங்களோடதுதானே அக்கா, நீங்களே வந்து பேசுங்க” என்றார்கள். பேசுவது என்னால் ஆகாது. பத்துப் பேர் எதிரே உட்கார்ந்திருந்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்பு படித்தவளின் எழுத்து. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செங்கல்பட்டில் டாக்டரம்மாவின் நர்சிங் ஹோமில் பிரசவ வார்டு ஆயாவாக இருந்தேன். தொண்ணூறுகள் முழுக்க அங்கேதான் போயிற்று. முட்டி வலி வந்து மாடிப்படி ஏற முடியாமல் போனபோது வேலையை விட்டுவிடலாம் என்றிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா கம்ப்யூட்டரில் தமிழில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். சாப்பாடு, உடற்பயிற்சி, குழந்தை வேண்டுவோருக்கான யோசனை எல்லாம் பெண்கள் ஒருவருக்கொருவர் கேட்டுச் சொல்லிக்கொள்ள ஒரு இடம். வருகிற கேள்விகளை முதலில் படித்துப் பிரிக்க ஓர் ஆள் வேண்டும். எது டாக்டர் பார்க்க வேண்டியது, எது மற்றவர்களே சொல்லக்கூடியது என்று.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது டாக்டரம்மா.”

“கேக்கறவங்களும் தமிழ்லதான் கேப்பாங்க.”

“எனக்குப் பேச வராதே.”

“அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடறேன். நல்லாப் பேசறவங்க அடுத்தவங்க எழுதினதை முழுசாப் படிக்க மாட்டாங்க.”

கீழ்த்தளத்தில் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டார்கள். கம்ப்யூட்டரில் தட்டும் கட்டைகளின் மேல் தமிழ் எழுத்து எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டினார்கள். ஒரு விரலால் தட்டக் கற்றுக்கொண்டேன். நேரில் யாராவது பேர் கேட்டால் தரையைப் பார்க்கிறவள் நான். அந்த மேஜையில் உட்கார்ந்தால் மட்டும் என்னிடமிருந்து பேச்சு கொட்டும். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

சொந்தப் பேரில் எழுத எல்லாருக்கும் கூச்சம். மதுராந்தகத்துக்காரி எழுதியதைத் திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் நாத்தனார் படித்துவிடுவாள். அதனால் ஆளுக்கொரு காய்கறிப் பேர் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நான் சுண்டைக்காய். எடை குறைக்க வந்த ஒருத்தி தானாகவே பூசணி என்று வைத்துக்கொண்டாள். கருங்குழியிலிருந்து ஒரு விளையாட்டு டீச்சர் உடற்பயிற்சி சொல்லித் தர வந்தாள், அவள் பாகற்காய். சிங்கப்பூரிலிருந்து எழுதியவள் அவரை. டாக்டரம்மா எட்டிப் பார்த்தபோது “அவரைக்கு இரண்டு மாதம், பூசணி மூன்று கிலோ இளைத்துவிட்டது” என்று நான் எழுதியிருந்தேன். காய்கறிக் கடை மாதிரி இருக்கிறதே என்று அவர்கள் அரை மணி நேரம் சிரித்தார்கள்.

இனிப்பு நாள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். அவரைக்கு ஒன்பது வருஷம் கழித்துக் குழந்தை நின்றபோது, எல்லாரும் அவரவர் வீட்டில் ஏதாவது இனிப்பு சாப்பிட்டுவிட்டு என்ன சாப்பிட்டோம் என்று எழுத வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. யாருக்கு நல்ல செய்தி என்றாலும் நான் ‘இன்று இனிப்பு நாள்’ என்று போடுவேன். ஜிலேபி, ஜாங்கிரி, ரவா லட்டு என்று வரிசையாக வரும். சர்க்கரை நோய்க்காரி ஒருத்தி ஒரே ஒரு உலர்ந்த திராட்சை என்று எழுதுவாள். பூசணிக்குத்தான் திண்டாட்டம். “இந்த மாதம் மூன்று பேருக்குக் குழந்தை, எனக்கு இரண்டு கிலோ. கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள், தாயே” என்று எழுதினாள்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

வெள்ளரி என்று ஒருத்தி புதிதாக வந்தாள். ஊர் நெம்மேலி. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. கணவனுக்கு மகாபலிபுரத்தில் ஓட்டல் வேலை. அவனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில், வெள்ளைக்காரர்கள் வரும் பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதுவாள். பூசணிக்கு உடம்பு இளைத்ததும் மாதவிலக்கு ஒழுங்காக வந்தது என்று படித்திருக்கிறாள். “எடை குறைந்தால் குழந்தை நிற்குமாமே. எனக்கும் அந்தச் சாப்பாட்டுப் பட்டியல் வேண்டும்” என்று கேட்டாள்.

கொடுத்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, நிறையக் காய், இரவுக்குப் பழம். தொண்ணூறு கிலோ பூசணிக்காக டாக்டரம்மா எழுதியது. அதை அப்படியே எடுத்து வெள்ளரிக்குப் போட்டேன். உன் எடை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடை குறைக்க வேண்டும் என்கிறவள் குண்டாகத்தானே இருப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். பாகற்காய் தன் பங்குக்கு, கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறாய், மணலில் ஒரு மணி நேரம் வேகமாக நட, ரோட்டில் இரண்டு மணி நேரம் நடந்ததற்குச் சமம் என்று எழுதினாள்.

வெள்ளரி மாதிரி சொன்ன பேச்சு கேட்கிறவளை நாங்கள் பார்த்ததில்லை. தினம் எழுதுவாள், இன்று நடந்தேன், இன்று சோறு கால் கரண்டிதான் என்று. நாங்களும் சபாஷ் சபாஷ் என்று போட்டுக்கொண்டே இருந்தோம். மூன்றாம் மாதம் ஒருநாள் எழுதினாள்: “நாற்பத்தாறு நாள் ஆகிறது அக்கா. தலை சுற்றுகிறது. காலையில் எழுந்தால் வயிற்றைப் புரட்டுகிறது. இது அதுவாக இருக்குமா?”

பிரசவ வார்டில் இத்தனை வருஷம் இருந்தவள் என்ற திமிர் எனக்கு. “அதுவேதான் கண்ணு” என்று தட்டினேன். அடுத்த வரியிலேயே இன்று இனிப்பு நாள் என்றும் போட்டுவிட்டேன். டாக்டரம்மா அன்று ஊரில் இல்லை. அறுபது எழுபது பேர் இனிப்பு சாப்பிட்டார்கள். நான் மேஜையடியில் கால் ஆட்டிக்கொண்டு பால்கோவா தின்றேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்து படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி.

“டெஸ்ட் எடுத்தாளா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“அக்கா, அவ எடை என்ன?”

அதற்கும் தரையைத்தான் பார்த்தேன். அவர்கள் என்னைத் திட்டவில்லை. டெஸ்ட் எடுத்துப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். எழுதினேன். ஒரு வாரம் வெள்ளரியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு எனக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தாள். “இரண்டு தடவை டெஸ்ட் எடுத்துவிட்டேன் அக்கா. இரண்டு தடவையும் ஒரே கோடு, இல்லை என்றுதான் காட்டுகிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்து அன்றைக்கே அத்தையிடம் சொல்லிவிட்டேன். அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தை கோயிலுக்குப் போக வேன் பேசியாயிற்று. நான் எந்த முகத்தோடு வண்டியில் ஏறுவேன்?”

டாக்டரம்மாவிடம் காட்டினேன். சாப்பிடாமல் வேகமாக நடந்துகொண்டே இருந்தால் உடம்பு மாதவிலக்கை நிறுத்திவிடும், தலைசுற்றலும் குமட்டலும் பசியால் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். “நான் போய்ப் பேசட்டுமா?” என்று கேட்டார்கள். நான் போகிறேன் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று வெள்ளரிக்கு எழுதினேன். மணல் நடை என் யோசனைதானே, நானும் வருகிறேன் என்று பாகற்காயும் சொல்லிவிட்டாள்.

அதுவரை நானும் பாகற்காயும் நேரில் பார்த்ததில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மகாபலிபுரம் பஸ் பக்கத்தில் நின்றிருந்தேன். விளையாட்டு டீச்சர் என்றால் வெடவெடவென்று இருப்பாள் என்று தேடினேன். வாட்டசாட்டமான ஓர் அம்மாள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள்.

“நீதான் சுண்டக்காயா?”

தலையை ஆட்டினேன்.

“எழுதசொல்ல அம்மாம் வாய் பேசற. நேர்ல இன்னா, காத்துகூட வரல?”

ஏறி உட்கார்ந்தோம். டிக்கெட் எடுக்கிறதற்குள் நாலு பேர் கேட்கும்படி, “சுண்டக்கா, அந்த வெள்ளரி மாமியாகாரி எப்டின்னு தெரியுமா? வெளக்கமாத்த தூக்குனா நான் ஓடிடுவேன், உன் முட்டிக்கு நீ இன்னா பண்ணுவ?” என்றாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். காய்கறி வியாபாரிகள் என்று நினைத்திருப்பார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தோம். நான் வாய் திறக்க மாட்டேன், எல்லாவற்றையும் அவளே பேசிவிடுவாள் என்று ஏற்பாடு.

நெம்மேலி நிறுத்தத்தில் இறங்கினோம். பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டிப் போய் வெள்ளரியைத் தேடினோம். “யக்கா, நான்தான்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கிற்று. ரவிக்கையை இரண்டு பக்கமும் ஊக்குக் குத்தியிருந்தாள். பாகற்காய்க்கு அப்போதே பேச்சு நின்றுவிட்டது.

“எவ்வளோம்மா எடை?” என்று நான் கேட்டேன். மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“ஆரம்பிக்கசொல்ல நாப்பத்தி ஒம்போது. இப்ப நாப்பதுக்கு வந்துகீது” என்றாள். பெருமையாகச் சொல்வதா வருத்தமாகச் சொல்வதா என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் சவுக்குத் தோப்பு நிழலில் நிறுத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, நீங்க ஆஸ்பத்திரி ஆளு. நீங்க சொன்னா எங்க அத்த நம்பும். கலைஞ்சிபோச்சின்னு சொல்லிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் திணறிப்போனேன். எவ்வளவு சுலபம்! ஒரு வார்த்தை. அவள் முகம் காப்பாற்றப்படும், என் தப்பும் மூடிக்கொள்ளும். தெருவில் நாலு பேர் ஐயோ பாவம் என்பார்கள், அவ்வளவுதான். பாகற்காயைப் பார்த்தேன். அவள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

வார்டில் நாங்கள் சீட்டு எழுதும்போது கேட்கிற முதல் விஷயங்களில் அது ஒன்று: இதற்கு முன்னால் கலைந்திருக்கிறதா? அந்தப் பதிலை வைத்துத்தான் டாக்டர் மேலே யோசிப்பார். கலைந்தது என்று இன்று சொல்லிவிட்டால், நாளைக்கு மாமியார் பக்கத்தில் நின்று எல்லா டாக்டரிடமும் அதையே சொல்லுவார். இல்லை என்று இவளால் ஒருநாளும் சொல்ல முடியாது. நடக்காத ஒன்றுக்கு மருந்து சாப்பிடுவாள். சோறு தின்னாததுதான் காரணமோ என்று யாரும் பார்க்கவே மாட்டார்கள்.

“கண்ணு, உன் மேல தப்பில்ல. தப்பு என்னோடது. அத நான் உங்க அத்தைகிட்ட சொல்றேன். பொய் மட்டும் வேணாம். அந்தப் பொய் உன்கூடவே ஆஸ்பத்திரிக்கெல்லாம் வரும்” என்றேன்.

அவள் அழுதாள். ஆனால் கையை விடவில்லை. அப்படியே நடந்தோம்.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். திடமான ஆள், குரல் தெருக்கோடி வரை கேட்கும். “வாங்கம்மா, வாங்க. டாக்டரூட்டு ஆளுங்கதான? புள்ளதாச்சிய பாக்க வந்துகீறீங்க” என்று பாய் போட்டார். பாகற்காய் வாயைத் திறந்து, மூடினாள். மறுபடி திறந்து, “தண்ணி குடுங்க” என்றாள். அவள் ஒத்திகையெல்லாம் அதோடு முடிந்தது. என்னைப் பார்த்தாள்.

நான் தரையைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அப்படியானால் பேச்சு வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

“எம்மா, உங்க மருமக உண்டாகல. உண்டாயிட்டான்னு எழுதினது நான். சோதிக்காம எழுதிட்டேன். அவ உங்ககிட்ட பொய் சொல்லல. என்ன நம்பிச் சொன்னா. நான் சொன்ன சாப்பாட்ட சாப்பிட்டுதான் இப்டி எளச்சிட்டா. அதனாலதான் நாளும் தள்ளிப்போயிருக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க.”

பக்கத்து வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வெள்ளரி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“அப்ப புள்ள இல்ல” என்றார் மாமியார்.

“இப்ப இல்லம்மா.”

“நீ சொல்லிதான் இவ துன்னாம இருந்தாளா?”

“ஆமாம்மா.”

அவர் எழுந்தார். பாகற்காய் என் முட்டியைப் பிடித்து அழுத்தினாள். மாமியார் எங்களைத் தாண்டிப் போய்க் கதவை இழுத்து மருமகளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

“அடிப்பாவி! மூணு மாசமா என் மீன் கொயம்ப தள்ளிவெச்ச. என் கை கொயம்பு புடிக்காம பூட்ச்சின்னு நெனச்சிகினு கீறேன் நான்! உப்ப மாத்தி போட்டேன், புளிய மாத்தி போட்டேன், கானாங்கெளுத்தி நீ துன்னலன்னு வஞ்சிரம் வாங்கியாந்தேன். ஒரு வார்த்த சொல்ல வாயில்ல உனக்கு? டயட்டுன்னு சொன்னா நான் இன்னா தூக்குலயா போட்ருவேன்?”

“சொன்னா சிரிப்பீங்கன்னு நெனச்சேன் அத்த.”

“சிரிப்பேன்தான். சிரிச்சிட்டு சோறு போட்ருப்பேன்.”

முதலில் சிரித்தது பாகற்காய். அப்புறம் வெள்ளரி, அழுகையும் சிரிப்புமாக. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான்கு தட்டோடு வந்தார். மருமகளுக்கு முதலில் போட்டார், சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றி. பட்டியல் கொடுத்தவள் நீதானே, நீயே பார்த்துக்கொள் என்பது போல அவளை என் எதிரே உட்கார வைத்தார். குழம்பு அவ்வளவு ருசி. பாகற்காய் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

“ஞாயித்துக்கெழம வேனு?” என்று வெள்ளரி மெதுவாகக் கேட்டாள்.

“அதுக்கின்னா, போவும். புள்ள வந்துகீதுன்னு கும்புட இருந்தோம். மருமவ நல்லா துன்னணும்னு கும்புட்டு வருவோம். தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். எவ கேக்கறான்னு பாக்கறேன்.”

வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: “எம்மா, நீ எழுதறத எழுது. வூட்ல பெரியவங்ககிட்ட சொல்லிட்டு செய்யினு ஒரு வரி சேத்து எழுது. நாங்க இன்னா, சுவரா?”

மூன்றாவது கேள்வி அன்று வந்ததுதான். குழுவிலும் எழுதினேன், வெள்ளரியின் சம்மதம் கேட்டுக்கொண்டு: நான் போட்ட இனிப்பு நாள் தப்பு, சோதிக்காமல் சொன்னேன், எடை கேட்காமல் பட்டியல் கொடுத்தேன் என்று. இனி என்னை யார் நம்புவார்கள் என்றிருந்தேன். முதல் பதில் பூசணியிடமிருந்து வந்தது. “அன்றைக்கு நான் தின்ற ரெண்டு மைசூர்பாகை யார் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்?” அதற்குப் பிறகு எல்லாரும் அவரவர் எடையைத் தாங்களாகவே எழுத ஆரம்பித்தார்கள்.

வெள்ளரி டாக்டரம்மாவிடம் வந்தாள். கணவனும் கூட வந்தான், அவனுக்கும் சோதனை செய்தார்கள். இரத்தம் பார்த்து, வேறு கோளாறு இல்லை, உடம்பு தேறினால் போதும் என்றார்கள். வேக நடை நின்றது. மாமியாரும் மருமகளும் சாயங்காலம் சும்மா பேசிக்கொண்டு கடற்கரையில் நடந்தார்கள். பாகற்காய் அதற்கு அனுமதி கொடுத்தாள், மாமியாருக்கு மூச்சு வாங்காத வேகத்தில்தான் நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

நாற்பத்திரண்டு என்று எழுதினாள். நாற்பத்திநான்கு. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. குழுவே அவள் எடையை எண்ணிக்கொண்டிருந்தது. இளைக்க வந்த பெண்கள் எல்லாரும் ஒருத்தி குண்டாவதற்காகக் காத்திருந்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவளிடமிருந்து ஒரே வரி: “இன்று காலையில் வந்துவிட்டது அக்கா.”

உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் குழுவில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. குழந்தைக்காகக் காத்திருக்கிறவள் ‘வந்துவிட்டது’ என்று எழுதினால், மாதவிலக்கு வந்துவிட்டது, இந்த மாதமும் இல்லை என்று அர்த்தம். அழுதுகொண்டு எழுதுவார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் கண்ணு என்று நாங்கள் தேற்றுவோம். நின்றுபோனது திரும்பி வந்ததே என்று அந்த வார்த்தையைச் சந்தோஷமாக எழுதியவள் அவள் ஒருத்திதான்.

என் விரல் கட்டையின் மேல் நின்றது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. எழுந்து போய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். “போடலாமா?”

“தாராளமாப் போடுங்க. இப்ப போடாம எப்பப் போடறது?” என்றார்கள்.

இன்று இனிப்பு நாள் என்று போட்டேன். காரணத்தையும் எழுதினேன். ஒவ்வொன்றாக வரத் தொடங்கிற்று. சிங்கப்பூர் அவரை, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு கை விரலால் ‘அல்வா’ என்று எழுதினாள். பாகற்காய் பள்ளிக்கூடத்துக்கே கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாளாம், பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லாமல். திராட்சைக்காரி இன்றைக்கு இரண்டு திராட்சை என்றாள். பதினோரு வருஷமாகக் காத்திருந்த ஒருத்தி, அதுவரை எந்த இனிப்பு நாளிலும் எழுதாதவள், “சீனி போட்ட காபி” என்று எழுதினாள்.

வெள்ளரிக்கு அப்புறம் குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். அது அவள் சொல்ல வேண்டியது. அவள் இன்னும் நம் குழுவில்தான் இருக்கிறாள், உங்களில் யாருக்காவது பதில் எழுதியிருப்பாள், கேட்டுப் பாருங்கள். நான் சொல்லக்கூடியது அந்த இனிப்பு நாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் எழுதியதுதான். அதைத் தாளில் எடுத்து இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

“இதற்கெல்லாமா ஊர் முழுக்க இனிப்பு தின்பார்கள், உங்கள் கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா என்று அத்தை கேட்டார். கேட்டுக்கொண்டே ரவையை வறுத்தார். கேசரி. நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன் அக்கா. மூன்றாவது கிண்ணம் அத்தை ஊட்டிவிட்டார்.”